குமுதா நின்றால் மேகலா

கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் குமுதவல்லி பல் விளக்கப் போனபோது பாத்ரூம் கண்ணாடியில் அவள் தெரியவில்லை, அவளுக்கு முன்னால் அந்த வீட்டில் வாழ்ந்து செத்துப்போன மேகலா தெரிந்தாள். வாயில் பிரஷ், கடைவாயில் நுரை, தூக்கிச் சொருகிய கொண்டை, எல்லாம் குமுதா வைத்திருந்த மாதிரியேதான், முகம் மட்டும் அவளுடையது இல்லை. கண்ணாடியைச் சுற்றி வெள்ளை விளக்கு தானாக எரிந்து, "காலை வணக்கம் மேகலா, உங்களைப் பார்த்து நாளாகிவிட்டது, இன்று வேலூரில் வெயில் அதிகம், தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று ஒரு பெண்குரல் சொன்னது. கத்தியிருக்கலாம்தான். ஆனால் வாய் நிறைய நுரையை வைத்துக்கொண்டு யாரால் கத்த முடியும், சொல்லுங்கள். துப்பி, கொப்பளித்து, முகம் கழுவி, துடைத்து நிமிர்ந்தபோது கத்துகிற நேரம் தாண்டிவிட்டிருந்தது. உள்ளே மேகலாவும் முகத்தைத் துடைத்துக்கொண்டு இவளையே பார்த்தாள். ஹாலில் மாலை போட்டு மாட்டியிருந்த போட்டோவில் இருந்ததைவிட நேரில் நல்ல களையாக இருந்தாள்.

வெளியே வந்து புருஷனிடம் சொன்னாள். தணிகாசலம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவன் நிமிராமலே, "அத மாத்தாம விட்டுட்டேன் குமுதா, அக்கவுன்ட் அவ பேர்ல இருக்கு, கஸ்டமர் கேர்ல சொல்லிடறேன்" என்றான். டிவியில் ஒரு சேனல் வரவில்லை என்று சொன்னால் எப்படிச் சொல்வானோ அப்படித்தான் சொன்னான்.

அவனைக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள், நல்ல மனுஷன்தான். ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற வேலை அவனுக்கு, அந்த வேலையை வீட்டுக்கு வந்தும் விடமாட்டான். காட்பாடியிலிருந்து வள்ளிமலை போகிற ரோட்டில், மூன்றாவது மாடியில் அவன் வாங்கியிருந்த ஃப்ளாட்டில், ஹீட்டர் போனைக் கேட்டுத்தான் சூடாகும், குழாய் கையைக் காட்டினால்தான் ஊற்றும், ஃபேன் ஈரத்தை மோந்து பார்த்துத் தானே ஓடும், எடை பார்க்கிற மெஷின் யார் ஏறினாலும் அவன் போனுக்குத் தகவல் சொல்லி ஏறினவர் மானத்தை வாங்கும். இது எல்லாவற்றுக்கும் எஜமானி அந்தக் கண்ணாடி. ஆளை அடையாளம் கண்டு பேர் சொல்லிக் கூப்பிடும், கண் கீழே கருவளையம் இருந்தால் தூங்கச் சொல்லும். அதை மாட்டின அன்றைக்கு மேகலா, "வீடு உங்க பேர்ல, வண்டி உங்க பேர்ல, கேஸ்கூட உங்க அப்பா பேர்ல, இதாவது என் பேர்ல இருக்கட்டும்" என்று கேட்டாளாம், அவனும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொடுத்தானாம். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, சாதாரணக் காய்ச்சல்தானே என்று இருந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போன வேகத்தில் போய்ச்சேர்ந்துவிட்டாள். அந்தக் கண்ணாடி அவள் பேரிலேயே இருந்துவிட்டது.

குமுதாவுக்கு முப்பத்தாறு வயது. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து, அப்பா போன பிறகு இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, தனக்கென்று நிமிர்ந்து பார்த்தபோது இந்த வயது வந்து நின்றது. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொஞ்சநஞ்சமா? வந்து, பஜ்ஜியைத் தின்று, காப்பியைக் குடித்து, அவள் முகத்தை ஏற இறங்கப் பார்த்து, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள், சொல்லித்தான் அனுப்பவில்லை. தணிகாசலம் ஒருவன்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, அவளுக்குத் தலை வாரிவிட ஆள் இல்லை" என்று சொன்னான். அந்தப் பேச்சில் இவள் மனசு இளகிவிட்டது. இளையதாரத்துக்கு வள்ளி கல்யாணம் நடந்த இடம்தான் ராசி என்று யாரோ பெரியப்பா சொல்ல, வள்ளிமலையில் தாலி கட்டினார்கள். பெரிதாக எதையும் எதிர்பார்த்து அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. காலையில் எழுந்தால் ஒரு ஆளாவது தன் முகத்தைப் பார்த்து, பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

கூப்பிடவேண்டிய ஆள் ஆதிரை, மூன்றாவது படிக்கிற பெண். அவள் குமுதாவை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "வேணாம்" என்பதைச் சுவரிடம் சொல்வாள், "போதும்" என்பதைத் தட்டிடம் சொல்வாள். தலை வார உட்காரச் சொன்னால் தானே ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள்.

கஸ்டமர் கேரில், முதன்மைப் பயனாளர் கண்ணாடி முன்னால் நின்று தன் கையாலேயே அழுத்தி அக்கவுன்டிலிருந்து வெளியேற வேண்டும், வேறு வழி கிடையாது என்று சொன்னார்கள். அவங்க இறந்துட்டாங்க என்று தணிகாசலம் சொன்னதற்கு, ஆழ்ந்த வருத்தங்கள் சார், அவங்க ஒரே ஒரு முறை வந்து அழுத்தினா போதும் என்றார்கள். பிறகு கம்பெனியிலிருந்து ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் நின்றால் கண்ணாடியில் அவர் தெரிந்தார், தணிகாசலம் நின்றால் தணிகாசலம் தெரிந்தான், குமுதா நின்றால் மட்டும் மேகலா. வந்தவர் குனிந்து நிமிர்ந்து எல்லாம் பார்த்துவிட்டு, "கேமரா நல்லா வேலை செய்யுது மேடம், லைட்டும் பிரமாதம்" என்றார். "கோளாறு ஒண்ணும் இல்ல. நீங்க நின்னு அழுத்துங்க, உள்ள அவங்க கைதானே அழுத்தப்போகுது, அது எடுத்துக்கும்."

குமுதா போய் நின்றாள். விரலைக் கீழ் ஓரத்தில் வைத்ததும், 'மேகலா, வெளியேற விரும்புகிறீர்களா?' என்று எழுத்து வந்தது, அதன் கீழே ஆம் என்று ஒன்று, இல்லை என்று ஒன்று. விரலை ஆம் பக்கம் கொண்டுபோன நேரத்தில் வாசல் பக்கமிருந்து, "அம்மா" என்று ஒரு சத்தம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஆதிரை, முதுகில் பையோடு, ஒரு காலில் ஷூவோடு, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குமுதா கையை இறக்கிவிட்டாள். கண்ணாடிக்காரர் பையை மூடிக்கொண்டு, அப்புறம் கூப்பிடுங்க சார் என்று கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை தலை வாரிக்கொள்ள வந்தது. கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காரும், குமுதா பின்னால் நின்று வாருவாள், கண்ணாடிக்குள்ளே மேகலா தன் மகளுக்கு வாருவாள். "ரெட்டை ஜடை போடும்மா, இழுக்காதம்மா வலிக்குது, மிஸ் இன்னைக்கு என்ன சொன்னாங்க தெரியுமா" என்று அது பாட்டுக்கு உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கும், ஒரு தரம்கூடப் பின்னால் திரும்பாது. குமுதா குரல் கொடுத்தால் முகம் சுருங்கும் என்பதால் அவள் உம் கொட்டாமல் தலையை மட்டும் ஆட்டுவாள். ஜடை முடிந்து வெளியே வந்ததும், "ஆதிரை, சாப்பிட வா" என்று கூப்பிட்டால் அது யாரையோ கூப்பிடுகிற மாதிரி தாண்டிப் போகும். பிள்ளை பட்டினியாய்ப் போகிறதே என்று குமுதா தட்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்கே போய், கண்ணாடியைப் பார்த்தபடி சோறு ஊட்டினாள், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் அது சாப்பிட்டது. இவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கொஞ்ச நாள் போனால் கண்ணாடிப் பக்கமிருந்து தன் பக்கம் திரும்பிவிடும் என்று நம்பினாள்.

தணிகாசலம் ஆரம்பத்தில் அந்தப் பக்கமே வராமல் இன்னொரு பாத்ரூமில், பிளாஸ்டிக் சட்டம் போட்ட சாதாரணக் கண்ணாடியில் ஷேவ் செய்துகொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை குமுதா தலை துவட்டிக்கொண்டு நின்றபோது வந்து, "கொஞ்ச நேரம் நிக்கிறியா" என்று கேட்டான். நின்றாள். அவன் அவளுக்குப் பக்கத்தில் நின்று உள்ளே பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு மெதுவாக, "ஒரு நாள் முன்னாடி உன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும் மேகலா, நீ முடியலன்னு சொன்னப்ப நான் அந்த ஹீட்டர நோண்டிட்டு இருந்தேன்" என்றான். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தான். குமுதாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு ஆம்பளை தன் பக்கத்தில் நின்றுகொண்டு இப்படி உடைந்துபோவதை அவள் பார்த்ததில்லை. பரவாயில்லை என்கிற மாதிரி தலையை அசைத்தாள், உள்ளே மேகலா அசைத்தாள், அவன் வேஷ்டி நுனியை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினான். குமுதாதான் தூங்கவில்லை. மேகலா மன்னித்திருப்பாளோ மாட்டாளோ, அவள் கையெழுத்தை நாம் போட்டுவிட்டோமே என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

விஷயம் எத்தனை நாள் வீட்டுக்குள் நிற்கும்? ஆதிரை தன் பெரியம்மாவிடம் போனில் சொல்லிவிட்டாள். மேகலாவின் அக்கா கஸ்தூரி, செய்யாற்றில் இருக்கிறவள், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் குமுதாவைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய்க் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். தங்கச்சியைப் பார்த்தாள். அழுவாள் என்று எல்லோரும் காத்திருக்க, அவள் புடவை முந்தானையால் கண்ணாடியின் ஓரத்தூசியைத் துடைத்துவிட்டு, "இன்னாடி, இவ்ளோ இளைச்சிட்ட" என்றாள். அப்புறம் குமுதாவிடம் திரும்பி, இல்லை, திரும்பவில்லை, உள்ளே பார்த்துக்கொண்டே, "எம்மா, கொஞ்சம் இடுப்புல கை வச்சி நில்லு, எங்க மேகலா அப்டிதான் நிப்பா" என்றாள். குமுதா இடுப்பில் கை வைத்தாள். "சிரி. பல்லு தெரியாம. வாயப் பொத்திக்கினு சிரி." சிரித்தாள். அப்போதுதான் கஸ்தூரி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில், பூவும் பொட்டுமாகப் போய்ச்சேர்ந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வீட்டில் நல்ல காரியம் என்றால் முதலில் அவளுக்குப் புதுப்புடவை வைத்துப் படைத்துவிட்டுத்தான் பத்திரிகைக்கே மஞ்சள் தடவுவார்கள். மற்ற வீடுகளில் செம்பையும் தேங்காயையும் வைத்துக் கும்பிடுகிறார்கள், நம் வீட்டில் அவளே வந்து நிற்கிறாளே, விடலாமா என்று கஸ்தூரி சொன்னாள். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது, ஒரே ஒரு இடைஞ்சல்தான், எதிரே கக்கூஸ் இருந்தது. முதல் வெள்ளிக்கிழமை அதன்மேல் ஒரு பலகையைப் போட்டுப் பழைய பட்டுப்புடவையால் மூடினார்கள். மனசு ஒப்பவில்லை. அடுத்த வெள்ளிக்குள் ஆளை வரவழைத்துப் பேர்த்தெடுத்து, ஓட்டையை சிமென்ட் பூசி, மேலே டைல்ஸ் ஒட்டிக் கோலம் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் காலையில் இன்னொரு பாத்ரூம் வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டியதாயிற்று.

ஆரணியிலிருந்து வந்தார்கள், போளூரிலிருந்து வந்தார்கள், மேகலாவோடு படித்தவர்கள், பத்திரிகை கொடுக்க வந்தவர்கள், பிள்ளைக்கு மொட்டை போட்டுவிட்டுக் காட்ட வந்தவர்கள். அடுக்குமாடி அசோசியேஷன் செகரட்டரி கோதண்டம் சார், மூன்றாம் மாடித் திருமதி மேகலா அவர்களைப் பார்க்க வருவோர் லிஃப்ட் முன்னால் செருப்பு விடக்கூடாது, தேங்காய் உடைக்க மொட்டை மாடிக்குப் போகவும் என்று நோட்டீஸ் ஒட்டினார். பெண்கள் வாட்ஸப் குரூப்பில் எடுத்துவிட்டிருந்த மேகலாவின் நம்பரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணம் நிச்சயமான பெண்களைக் கூட்டிவந்து மேகலா கையால் குங்குமம் வாங்கிக்கொடுத்தார்கள், கொடுத்தது குமுதாவின் கைதான், ஆனால் வாங்கினவர்கள் எல்லோரும் கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டிய வேலை அவளுக்கு. மேகலாவின் புடவைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, இன்றைக்கு இந்தச் சிவப்பு, இன்றைக்கு அந்த மாம்பழக் கலர் என்று கட்டச் சொன்னார்கள். ஒரு தடவை குமுதா ஒரு பெண்ணிடம், நல்லா இருப்ப கண்ணு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "நீ பேசாதம்மா, கொரலு வேற மாரி வருது, ஒதட்ட மட்டும் அசை" என்றாள் கஸ்தூரி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவள். போகும்போது குமுதாவின் கையில் பழமும் வெற்றிலையும் வைத்து, நீ மகராசி என்றுதான் சொல்லிவிட்டுப் போவாள், சொல்லும்போதுகூடக் கண் மட்டும் பாத்ரூம் பக்கமே இருக்கும்.

குமுதாவுக்குக் கோபம் வராமலில்லை. ஆனால் யார்மேல் கோபப்படுவது? செத்தவள்மேலா? உள்ளே நிற்கிறவளும் தன்னை மாதிரியே ஆட்டுவித்தபடி ஆடிக்கொண்டு, சிரிக்கச் சொன்னால் சிரித்துக்கொண்டு, கால் கடுக்க நிற்கிறாள் என்று சில சமயம் அவள்மேல் இரக்கமாகக்கூட இருந்தது. கூட்டம் போன பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "உனக்கும் கால் வலிக்குதா?" என்று குமுதா கேட்பாள். உள்ளே உதடு அசையும், பதில் வராது.

இப்படியிருக்கும்போது குமுதா முழுகாமல் ஆனாள். முப்பத்தேழில் நின்ற கரு, டாக்டரம்மா ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார். தணிகாசலம் ஸ்வீட் வாங்கிவந்தான். வயிறு தெரிய ஆரம்பித்ததும் கண்ணாடிக்குள் மேகலாவுக்கும் வயிறு தெரிந்தது. அவ்வளவுதான், சொந்தபந்தம் மொத்தமும் திரண்டு வந்தது. "மேகலாவே வந்து பொறக்கப் போறா" என்று கஸ்தூரி ஆனந்தக் கண்ணீர் விட்டாள். பெண் பிறந்தால் மேகலா, ஆண் பிறந்தால் மேகநாதன் என்று பேர்கூட முடிவாகிவிட்டது. ஆதிரை கண்ணாடியில் வயிறு தெரியும் இடத்தில் காதை வைத்து, "பாப்பா, நான் அக்கா பேசறேன்" என்று சொல்வாள். கண்ணாடி ஜில்லென்று இருக்கும். ஒரு சாண் பின்னால் இருந்த நிஜ வயிற்றை அவள் தொட்டதில்லை. இத்தனை நாள் எதைக் கேட்டாலும் கொடுத்தவளுக்கு இப்போதுதான் பயம் பிடித்தது. பிறக்கப்போகிற பிள்ளையையும் இவர்கள் இங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். இங்கே வைத்துத்தான் கொஞ்சச் சொல்வார்கள். அதுவும் இந்த முகத்தைத்தான் அம்மா என்று பழகும், வெளியே வந்து தூக்கினால் யாரோ என்று வீறிட்டு அழும். நினைக்க நினைக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வளைகாப்பையும் கண்ணாடி முன்னால்தான் வைத்தார்கள். ராணிப்பேட்டையிலிருந்து குமுதாவின் அம்மா, சீர்த்தட்டும் அஞ்சு வகைச் சாதமுமாக வந்தார். கூட்டத்தில் முண்டியடித்து உள்ளே போன அந்த அம்மாள் கண்ணாடியைப் பார்த்தார், மஞ்சள் பூசிய கன்னமும் கை நிறைய வளையலுமாக வேறு ஒருத்தி நின்றாள். எல்லோரும் அந்த முகத்துக்குத்தான் ஆரத்தி சுற்றினார்கள், ஒவ்வொரு வளையலையும் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத்தான் மாட்டினார்கள். "எம் பொண்ணு எங்க?" என்று அவர் கேட்டார். பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை போல. அவர் போய் மகளின் தாடையைப் பிடித்து, "இப்படித் திரும்புடி" என்று தன் பக்கம் திருப்பி, நெற்றியில் வழிந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் சரிசெய்து, மிச்சமிருந்த வேப்பிலைக் காப்பை மாட்டினார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு ஒருவர் குமுதாவின் முகத்தை நேராகப் பார்த்துத் தொட்டது அதுதான் முதல் தடவை. "அம்மா, மூஞ்சி எப்டி இருக்கு?" என்று கேட்டாள். "வீங்கிக் கெடக்குது. ஒழுங்கா தூங்குறியா?" என்றார் அம்மா. வளைகாப்பு முடிந்தால் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதுதானே முறை, இந்தத் தடவை பூவாடைக்காரியை வீட்டைவிட்டு அனுப்பக்கூடாது என்று கஸ்தூரி தடுத்துவிட்டாள். அம்மா வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் ஒரு விரலை வைத்தால் காரியம் முடிந்தது. குமுதாவுக்கு அது தெரியும். பெற்ற தாயை மகளுக்குத் தெரியாமல் அனுப்பிவைப்பது திருட்டு மாதிரி என்று அவளுக்குத் தோன்றியதால், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், யாரும் வராத நாளாகப் பார்த்து, ஆதிரை வந்து யூனிபார்ம்கூட மாற்றுவதற்குள், "வா, அம்மாவப் பார்க்கலாம்" என்று கூப்பிட்டாள். இரண்டு பேரும் போய் நின்றார்கள். "காலை வணக்கம்" சொல்கிற குரல் "மாலை வணக்கம் மேகலா" என்றது.

"ஆதிரை, அம்மாகிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லிடு. அவங்க கிளம்பணும்" என்றாள் குமுதா.

"எங்க?" என்று பிள்ளை கண்ணாடியைக் கேட்டது.

குமுதா கீழ் ஓரத்தில் விரலை வைத்தாள். 'மேகலா, வெளியேற விரும்புகிறீர்களா?' மூன்றாவது படிக்கிற பெண், எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். "இல்லைன்னு அழுத்தும்மா" என்றாள், "அம்மா, இல்லைன்னு அழுத்து."

விரல் நகரவில்லை. குமுதாவுக்கு இத்தனை மாதமாக அடக்கிவைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு நின்றாலும் கண் நிற்கவில்லை. கண்ணாடிக்குள் மேகலா பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். அம்மா அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஆதிரை ஸ்டூல்மேல் ஏறி, "அழாதம்மா" என்று கண்ணாடியில் அந்தக் கன்னத்தைத் துடைத்தாள். நிற்கவில்லை. யூனிபார்ம் கையால் அழுத்தித் துடைத்தாள். அம்மாவின் கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, பிள்ளையின் கையில் ஈரமே படவில்லை. தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், கண்ணாடியை இன்னொரு தரம் தொட்டாள், உலர்ந்து கிடந்தது. அப்புறம் ஸ்டூல்மேல் நின்றபடியே மெதுவாகத் திரும்பினாள்.

திரும்பி, குமுதாவின் முகத்தைப் பார்த்தாள். ஊர் தெரியாத இடத்தில் இறங்கினவர்கள் பார்க்கிற மாதிரி, நெற்றி, மூக்கு, கண் கீழே இருந்த மச்சம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கையை வைத்துப் பார்த்தாள். நனைந்தது.

"நீங்கதான் அழறீங்களா?"

"ஆமாம் கண்ணு."

"அம்மா அழலையா?"

"இல்ல."

"அப்ப அம்மா எங்க?"

சாமிகிட்ட போயிருக்காங்க என்று அப்பா சொல்லியிருந்தான், கண்ணாடியில்தான் இருக்கிறாள் என்று பெரியம்மா சொல்லியிருந்தாள், ஊர் மொத்தமும் ஏதேதோ சொல்லியிருந்தது. குமுதாவுக்குச் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியவில்லை.

"அம்மா செத்துப் போயிட்டாங்க கண்ணு. காய்ச்சல் வந்து செத்துட்டாங்க. இதுல நின்னது நான்தான்."

"ஜடை போட்டது?"

"நான்தான்."

"சோறு ஊட்டினது?"

"அதுவும் நான்தான். உங்கிட்ட சொல்லாம இருந்தது தப்புதான்."

பிள்ளை கையால் அவள் கன்னத்தைத் துடைத்தது, உள்ளே மேகலாவின் கன்னமும் காய்ந்தது. "நான் பார்க்க மாட்டேன், நீங்க அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு, குமுதாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

குமுதா கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே மேகலா தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். குமுதா உடனே அழுத்தவில்லை, அவளும் பிள்ளையைக் கொஞ்ச நேரம் கட்டிக்கொள்ளட்டும் என்று, இடுப்பு விட்டுப்போகிற வலியோடு, அந்தச் சின்ன முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே நின்றாள். தடவித் தடவி இரண்டு பேருக்கும் கை ஓய்ந்த பிறகு ஆம் என்பதில் விரலை வைத்தாள்.

விளக்கு அணைந்தது, திரும்ப எரிந்தது. கண்ணாடியில் ஒரு பெண் நின்றாள், மூக்கு சிவந்து, வயிறு தள்ளி, கண்கீழே கருத்துப்போய். அது தான்தான் என்று தெரிந்துகொள்ள குமுதாவுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "வணக்கம், புதிய பயனாளரின் பெயரைச் சொல்லவும்" என்றது குரல். ஆதிரை தலையைத் தூக்கிப் பார்த்தாள். அங்கே அம்மா இல்லை. அந்த மூலையில் தேடினாள், இந்த மூலையில் தேடினாள், எட்டி ஓரத்தில்கூடப் பார்த்தாள், அப்புறம்தான் அந்தப் பிள்ளையின் அடிவயிற்றிலிருந்து சத்தம் வந்தது. "அம்மா செத்துட்டாங்க, அம்மா செத்துட்டாங்க" என்று யாரிடமோ முதல்முதலாகச் சேதி சொல்கிற மாதிரி சொல்லிச் சொல்லி அழுதது. நிற்க முடியாமல் குமுதா அதைத் தூக்கிக்கொண்டு, டைல்ஸ் போட்ட அந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கட்டியிருந்தது மேகலாவின் மாம்பழக் கலர் புடவை, அதன் முந்தானையைப் பிள்ளை வாயில் கவ்வியிருந்தது, குமுதாவும் பார்த்தே இராத அந்த மேகலாவுக்காகக் கூடச் சேர்ந்து அழுதாள். கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு மேலே ஓடிவந்து, கதவைத் தட்டினார்கள்.

மேலே கண்ணாடி பெயரைச் சொல்லச் சொல்லி இன்னொரு தரம் கேட்டது. அவர்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்ததால் யாரும் பதில் சொல்லவில்லை.